அவள் நீக்கச் சொன்னாளே!

கேள்வி: ஜப்பானின் நகோயாவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். பேஸ்பால் போன்ற சாப்ட்பால் ஆட்டத்தில் பள்ளி அணிக்காகப் பந்துவீசும் என் 15 வயது மகளுக்கு, ஒலிம்பிக் தங்கம் வென்ற மியூ கோட்டோ என்றால் உயிர். அவள் ஆடும் வீடியோவை இணையத்தில் போட்டேன், ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். ஒருமுறை நீக்கச் சொன்னாள், கூச்சம் என்று விட்டுவிட்டேன். இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோட்டோவைப் போல அவளும் புகழ்பெற நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: “கூச்சம் என்று விட்டுவிட்டேன்” என்கிறீர்களே, கூச்சம் என்று சொன்னது அவளா, நீங்களா? அவள் சொன்னது “நீக்குங்கள்” என்பது மட்டும்தான். அதற்குக் காரணத்தை நீங்களாகவே கற்பித்துக்கொண்டு, அவள் சொல்லைத் தள்ளிவிட்டு, இப்போது அவள் பேசவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

கோட்டோவின் புகழைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊரிலேயே நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2021 ஜூலை 27 அன்று அமெரிக்காவை ஜப்பான் 2-0 என்று வென்ற டோக்கியோ ஒலிம்பிக் சாப்ட்பால் இறுதிப் போட்டியில், 39 வயது யுகிகோ உவேனோவுக்குப் பதிலாக ஏழு இன்னிங்ஸில் ஆறாவதில் பந்துவீச வந்து, ஓட்டம் எதுவும் விடாமல் காத்து, கடைசி இன்னிங்ஸை மீண்டும் உவேனோவிடமே ஒப்படைத்தவர் இருபதே வயதான கோட்டோ. எட்டு நாள் கழித்து, வெற்றியைத் தெரிவிக்கச் சென்ற அவருடைய பதக்கத்தை, கொரோனா பரவிக்கொண்டிருந்த அந்த வேளையில், அன்றைய நகோயா மேயர் தகாஷி கவமுரா முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கடித்தார். அவர் மன்னிப்புக் கேட்டார், பதக்கமும் மாற்றித் தரப்பட்டது. ஆனாலும் அந்த ஆறாவது இன்னிங்ஸை அறியாதவர்கள்கூட மேயரின் பற்களை அறிவார்கள். எது பரவ வேண்டும் என்று கோட்டோவை யார் கேட்டார்கள்?

இதைவிடக் கசப்பானதும் உண்டு. விளையாட்டு வீராங்கனைகளின் உடலைக் குறிவைத்துப் படமெடுத்து இணையத்தில் பரப்புவதைக் கண்டித்து, 2020 நவம்பரில் ஜப்பான் ஒலிம்பிக் கமிட்டியே பிற விளையாட்டு அமைப்புகளோடு சேர்ந்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் மகள் அந்நாட்டில் பள்ளிக்குப் போகிறவள். வீடியோவின் கீழே வரும் கருத்துகளை உங்களைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவள். அவள் எதைப் படித்துவிட்டு நீக்கச் சொன்னாள் என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா?

பெண்ணைப் பெற்றவரின் முதல் கடமை வாசலில் நிற்பது. நீங்களோ கதவைத் திறந்துவைத்துவிட்டு, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாவின் பெருமை பிள்ளையின் சம்மதத்துக்கு மேலானது என்று நான் ஒருகாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உவேனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். அவர் பெயர் நிலைத்தது அந்தக் கையால்தான், யாரோ ஏற்றிவிட்ட வீடியோவால் அல்ல.

இன்றிரவே வீடியோவை நீக்குங்கள். உறவினர் குழுக்களில் பகிர்ந்திருந்தால் அங்கும் நீக்கச் சொல்லுங்கள். பிறகு மகளிடம், “நீ சொன்னபோதே செய்திருக்க வேண்டும்” என்று மட்டும் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு வரலாமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால், அதையும் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.