பியூஸ் திரும்பத் திரும்பப் போகுதா? கேள்வி பதில்

பம்பலப்பிட்டிப் பக்கம் பதினெட்டு வருடமாக வாகன வயரிங் பார்க்கிறேன். ஷோட், அதாவது வயரின் செம்பு பாடியில் பட்டு கரண்ட் குறுக்கே பாய்கிறது, பற்றிக் கேளுங்க. கேட்கிறவர்களை ஊர்ப் பெயரால் போட்டிருக்கிறேன். இன்சூரன்ஸ், பெயின்ட், விற்கிற விலை எல்லாம் வேறு ஆட்களிடம்.

கொட்டாஞ்சேனை: அண்ணா, பழைய விட்ஸ் கார். பார்க் லைட் போட்ட உடனே 10 அம்பியர் பியூஸ் போகுது. மூன்று மாத்திட்டேன்.

பதில்: நாலாவதை வாங்காதீங்க தம்பி. 21 வொட் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் ஒட்டி, பியூஸ் இருந்த இடத்தில் செருகுங்க. அது இரண்டு அம்பியருக்கு மேல் விடாது. எவ்வளவு நேரம் தேடினாலும் வயர் சுடாது. பார்க் பல்ப் எல்லாம் கழற்றிட்டு சுவிட்சைப் போடுங்க. அப்பவும் பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ வயர் பாடியில் படுது. இனி ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுங்க. எதைக் கழற்ற அணையுதோ, அதற்கு அப்பால்தான் கோளாறு. நான் முதலில் பார்க்கிறது பின்கதவுப் பிணைச்சலுக்குப் பக்கத்து ரப்பர் குழாயை. நம்பர் பிளேட் லைட் வயர் அதற்குள்ளால்தான் போகும். திறந்து மூட மூட, வளைகிற இடத்தில் தோல் வெடிச்சிடும்.

தெகிவளை: ஆல்டோ. காலையில் பட்டரி செத்துக் கிடக்கு. இதுவும் ஷோட்டா?

பதில்: இல்லை அக்கா, ஷோட் என்றால் பியூஸ் போயிருக்கும். இது கசிவு, நின்ற காரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் போகுது. பட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, இடையில் மீற்றரை 10 அம்பியர் துளையில் வைங்க. காரைப் பூட்டிட்டு அரை மணி பொறுங்க. 50 மில்லி அம்பியருக்கு மேல் நின்றால் பியூஸை ஒவ்வொன்றாக இழுங்க. கார் வாங்கின பிறகு பொருத்தின கமரா இருந்தால் அதை முதலில் சந்தேகப்படுங்க. மீற்றரோடு ஸ்டார்ட் பண்ணாதீங்க.

வத்தளை: 10க்குப் பதில் 20 போட்டால்?

பதில்: வயர் எரியும்.

மருதானை: சும்மா பயப்படுத்துறீங்க. எங்கட கராஜ் பாஸ் 30 போட்டுத் தந்தார், இரண்டு வருடமாக ஓடுது.

பதில்: பியூஸ் பல்பைக் காக்க இல்லை, வயரைக் காக்க. மெல்லிய பார்க் லைட் வயரில் 25 அம்பியர் ஓடினாலும் உங்கட 30 அசையாது. வயர்தான் பியூஸாகும், அதுவும் கார்பெட்டுக்கு அடியில்.

மருதானை: அப்ப ஏன் எரியவில்லை?

பதில்: ஷோட் இன்னும் வரவில்லை. ஹெல்மெட் போடாமல் இரண்டு வருடம் ஓடினவனும் இதைத்தான் சொல்வான்.

வெள்ளவத்தை: மலிவுப் பியூஸ்தான் பிரச்சினை. எழுதியிருக்கிறது 10, உள்ளே வேறு. அதனால்தான் ஆட்கள் பெரிசு போடுறாங்க.

பதில்: மலிவுப் பியூஸ் பற்றிச் சொன்னது சரி. கருகியும் அறாமல் நின்ற பியூஸ் என் லாச்சியில் இருக்கு. அதற்கு மருந்து நல்ல 10, 30 இல்லை. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மருதானை, உங்கட பச்சை நிற்கிற இடத்துக்குப் பியூஸ் பெட்டி மூடியில் என்ன போட்டிருக்கு?

மருதானை: 10. ஆனாலும்...

பதில்: ஆனாலும் ஒன்றுமில்லை, மாத்துங்க.

கொலன்னாவை: வெள்ளத்தில் நின்ற கார். ஹோர்ன் தானாக அடிக்குது.

பதில்: பிளக்கைத் திறந்தால் பச்சை பூத்திருக்கும். ஊசி அரிச்சிருந்தால் பஞ்சிகாவத்தை பழைய பாட்ஸ் கடைகளில் பழைய பிளக்கை வயரோடு வாங்கிப் போடுங்க.

கிரேண்ட்பாஸ்: அவசரத்துக்கு வெள்ளித்தாள் சுற்றி...

பதில்: மேலே வாசியுங்க.

நுகேகொடை: பிரியஸ். செம்மஞ்சள் வயரில் எலி கடிச்சிருக்கு. டேப் போதுமா?

பதில்: தொடாதீங்க! 200 வோல்ட்டுக்கு மேல். ஹைபிரிட் தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க.

கொட்டாஞ்சேனை: அண்ணா, அந்த ரப்பருக்குள்தான். நம்பர் பிளேட் வயர் செம்பு தெரியுது. இதுக்கு டேப்?

பதில்: இந்த வெயிலுக்கு டேப் பசை உருகி வழியும். வெடிச்ச துண்டை வெட்டி எறிஞ்சிட்டு, நீளம் கூட்டிப் புது வயர் வைங்க. மூட்டு வளைகிற இடத்தில் வரக் கூடாது. மூட்டை ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்குகிற குழாய் போடுங்க. பக்கத்து வயர்களையும் பாருங்க, அதுகளுக்கும் அதே வயசு.