படையிலிருந்து திரும்பியவரின் மனம்: கேள்வி பதில்

முன்னாள் படைவீரர் குழுக்களோடு பல ஆண்டுகளாகப் பணியாற்றும் மனநல ஆலோசகர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் கணவர் இரவில் அலறி எழுகிறார். தொட்டு எழுப்பினால் என் கையை முறுக்கிவிடுகிறார்.

தொடாதீர்கள். கைக்கு எட்டாத தொலைவில் நின்று விளக்கைப் போட்டு, வழக்கமாக அழைப்பதுபோலவே அழையுங்கள். அந்த நொடியில் நீங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. என்ன கனவு என்று அன்றிரவே துருவவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுக்குத் தனிப் பயிற்சி உண்டு: பகலில் கனவின் போக்கை மாற்றி எழுதி, மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது. மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

கேள்வி: மருத்துவரிடம் போக மனமில்லை. பழைய தோழர்கள் நான்கு பேர் கூடிப் பேசினால் போதாதா?

அந்த நான்கு பேரை நான் குறைத்து எடைபோட மாட்டேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் 1970-இல் நியூயார்க்கில் இப்படித்தான் கூடினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், கைம் ஷட்டன் ஆகிய மனநல மருத்துவர்களும் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-இல்தான்; அதற்கு வழிவிட்டவற்றுள் அந்தக் கூட்டங்களும் உண்டு. மருத்துவம் வீரர்களிடம் பாடம் கேட்ட கதை இது. நம் துறையினர் இதை அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஒன்றே ஒன்று: கூடுவது மதுப்புட்டியைச் சுற்றி என்றால் வேண்டாம். மது தூங்க வைத்துவிட்டுப் பின்னிரவில் தட்டி எழுப்பிவிடும். தோழர்களில் சிகிச்சை பெற்றவர் யாராவது இருந்தால், அவரோடு ஒருமுறை மருத்துவரிடம் போய் வாருங்கள். பலர் அந்தப் படியை முதலில் ஏறியது அப்படித்தான்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் தியானம், யோகா செய்யலாமா?

'பதில்' என்ற சொல்தான் இடிக்கிறது. 2018-இல் வெளியான, 203 அமெரிக்க முன்னாள் வீரர்கள் பங்கேற்ற ஆய்வில், ஒரு மந்திரத்தை மனத்துக்குள் சொல்லும் ஆழ்நிலைத் தியானம் செய்தவர்கள் அதிர்ச்சி நினைவுகளை நேரில் எதிர்கொள்ளும் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. நல்ல செய்திதான். ஆனாலும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறும். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். கண்ணை மூடியதும் பழைய காட்சி வந்தால் கண்ணைத் திறந்தே செய்யலாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவதே பாதிப் பயிற்சி. எல்லாவற்றையும் குணமாக்குவேன் என்று முன்பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: நாய் வளர்த்தால் உதவுமா?

பலருக்கு உதவும், நாயைப் பிடிக்கும் என்றால்.

கேள்வி: அப்பா தம் பொருள்களை ஒவ்வொன்றாக எல்லோருக்கும் கொடுத்துவருகிறார். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய அறிகுறிதான். "சாகும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. துப்பாக்கி, மிச்ச மாத்திரைகளை இன்றே வீட்டிலிருந்து அகற்றுங்கள். எண்ணம் வருகிறது என்று அவர் சொன்னால் தனியே விடாமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: முன்னாள் வீரர்களுக்காக நாங்கள் ஒரு குழு தொடங்க நினைக்கிறோம். நாங்கள் யாரும் படையில் இருந்ததில்லை.

அப்படியானால் நடத்தும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். நாற்காலிகளைப் போட்டு "மனம் திறங்கள்" என்றால் யாரும் வர மாட்டார்கள். மரவேலை, தோட்டம், பழுது பார்த்தல் என்று கைக்கு வேலை கொடுங்கள். வேலைக்கு நடுவே பேச்சு தானாக வரும். கதவைப் பார்த்து, சுவருக்கு முதுகு காட்டி உட்கார இடமிருக்கட்டும். "யாரையாவது கொன்றிருக்கிறீர்களா?" என்று எவரும் கேட்கக் கூடாது. வாரந்தோறும் வருபவர் ஒருநாள் வராவிட்டால், அன்றே தொலைபேசியில் அழையுங்கள்.