ஈ.சி.இ.யா, பி.எஸ்ஸி.யா? – கடிதம்

ஐயாவுக்கு வணக்கம்,

பாலக்கோடு பக்கத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். ஃபர்ஸ்ட் குரூப், தமிழ் மீடியம். அப்பா ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். தம்பி எட்டாவது. போன வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் ஊரில் மூன்று இடத்துத் தண்ணீரை எடுத்து, ஃபுளோரைடு பார்க்கும் கிட்டில் சோதித்தோம். பழைய கிணற்றுத் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. கோயில் பக்கத்து போர்வெல் தண்ணீர் கொஞ்சம் வெளுத்தது. எங்கள் தெரு போர் தண்ணீர், பாட்டி இத்தனை வருடம் குடித்தது, மஞ்சளாகிவிட்டது; மஞ்சள் என்றால் ஃபுளோரைடு அதிகம். அன்றிலிருந்து சயின்ஸ்தான் படிக்கவேண்டும் என்று இருக்கிறேன்.

மாமா ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். "இன்ஜினியரிங்ல ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) எடு, நாலு வருஷத்துல இங்கேயே வேலை" என்கிறார். அத்தை நீட் எழுதச் சொல்கிறார். கெமிஸ்ட்ரி சார் மட்டும் "பி.எஸ்ஸி. எடும்மா" என்றார். பி.எஸ்ஸி. என்றால் கடைசியில் டீச்சர் வேலைதானா? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் மாமா பக்கம் பேசிவிடுகிறேன். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. நுழைவுத் தேர்வும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எத்தனையோ வீடுகள் இப்படி ஒரு பிள்ளை வேலைக்குப் போய்த்தான் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டன. இன்ஜினியரிங்கைக் கேலி பேசும் அறிவியல் ஆர்வலர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தளம் போட்ட வீட்டுக்காரர்கள்.

நீட் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் படுகிறது. பாட்டி அந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பையும் பல்லையும் கெடுக்கும்; ஆனால் அவர் முழங்கால் எப்படி இருக்கிறது, பல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. டாக்டராகப் போகிற பிள்ளை அதைத்தான் முதலில் எழுதியிருக்கும். நீங்கள் நிறத்தை எழுதுகிறீர்கள்.

அந்த மஞ்சளைப் பார்த்து ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். இதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று வேதியியல்காரர் கேட்பார். நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வகம் உருவாக்கிய நல்கொண்டா முறை அப்படி வந்ததுதான்: படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, படிய வைத்து, தெளிந்ததை எடுப்பது. சொல்ல எளிது, தினமும் அளந்து போட்டு அடியில் தங்கும் சேற்றையும் கொட்ட வீட்டில் ஆள் வேண்டும். இந்தத் தண்ணீரே வேண்டாம், வேறு தண்ணீர் கொண்டுவரலாம் என்பார் பொறியாளர். ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்கான பதில். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் காவிரி மேலேறி வருகிறது. மூன்றாவது ஒருவர் இருக்கிறார். கிணற்றில் இல்லாதது அடுத்த தெரு போரில் எப்படி வந்தது என்று அவர் கேட்பார்.

நம் காலுக்கடியில் இருப்பது மிகப் பழைய கிரானைட்டும் நைஸ் என்னும் உருமாறிய பாறையும். அதிலுள்ள கருப்பு அபிரகம், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. கிணற்றில் இறங்குவது பெரும்பாலும் அண்மையில் பெய்த மழை. ஆழத்து வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரோ பாறையோடு நெடுநாள் உறவாடியது. போகப்போக அதில் சோடியம் ஏறி, சுண்ணாம்புச் சத்தான கால்சியம் குறையும். கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். குறைந்தால் ஃபுளோரைடு தண்ணீரிலேயே கரைந்து நின்று நம் வீட்டுக் குடத்துக்கு வரும். உங்கள் மூன்று பாட்டிலிலும் ஆழத்தைக் குறித்து வைத்தீர்களா? இல்லையென்றால் போர் போட்ட வண்டிக்காரரைப் பிடித்து எத்தனை அடி என்று கேளுங்கள்.

நீங்கள் இந்த மூன்றாவது ஆள் என்பது என் ஊகம். ஒரே போர் தண்ணீரைப் பிடித்து வடிகட்டிப் பார்க்காமல், மூன்று இடம் போய் ஒப்பிட்டிருக்கிறீர்களே. பாறையையும் அதன் இடுக்கில் நிற்கும் தண்ணீரையும் பற்றிய அந்தப் படிப்புக்கு ஜியாலஜி, அதாவது நிலவியல், என்று பெயர். பிளஸ் டூ வரை தனிப் பாடமாகக் கண்ணில் படாததால் நம் பக்கம் யாரும் சொல்லித் தருவதில்லை. சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஜியாலஜி இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு நடத்துகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள். கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் எம்.எஸ்ஸி.க்கும் அதிலே பதவிகள் உண்டு. டீச்சர் வேலைதானா என்று கேட்டீர்கள், இல்லை.

என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், பதினேழு வயதில் முடிவு கட்டவும் வேண்டாம். அதனால்தான் ஐசர் என்னும் மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் தேர்வை எழுதச் சொல்கிறேன். நாட்டில் ஏழு ஐசர்கள், நமக்குப் பக்கம் திருப்பதி. ஐந்து வருட பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு, தொடக்கத்தில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டுப் பிறகு பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். ஐ.ஏ.டி. என்கிற நுழைவுத் தேர்வில் நாலு பாடத்திலும் 15 கேள்விகள், ஆக 60. சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி. என்ற இந்திய அறிவியல் நிறுவனமும் இந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. தமிழ் மீடியத்திலிருந்து போனால் முதல் வருடம் ஆங்கிலத்தில் திணறுவீர்கள், இப்போதே பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை ஆங்கிலப் புத்தகத்திலும் ஒரு தடவை புரட்டுங்கள். இடம் கிடைக்கவில்லையா, சேலம் இருக்கிறது. மூன்றாவது வருடம் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம், ஜாமில் ஜியாலஜியும் ஒரு பாடம்.

இனி பணம். எந்தப் படிப்பு உசத்தி என்பதைவிட, உங்கள் சம்பளத்துக்கு வீடு எத்தனை வருடம் காத்திருக்கும் என்பதுதான் உங்கள் விஷயத்தில் தீர்மானிக்கும். இன்ஜினியரிங்குக்கு நாலு வருடம். எம்.எஸ்ஸி. வரை ஐந்து. அந்த ஐந்தாவது வருடம் தம்பி கல்லூரிக்குள் நுழைகிற வருடம், இடிக்கிற இடம் அதுதான். அதற்குப் பிறகு பிஎச்.டி. என்றதும் வீட்டில் கட்டணக் கணக்குப் போடுவார்கள். உண்மையில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உங்களுக்குத் தருவார்கள். ஜே.ஆர்.எஃப். சுலபமில்லை. அதை வாங்கி, பிஎச்.டி.யும் முடித்து, அரசுக் கல்லூரிகளில் வருடக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளராகவே இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். இதை மறைத்து உங்களை அனுப்ப மனமில்லை.

அந்த ஒரு வருடம்கூடத் தாங்காது என்று அப்பா சொன்னால், மனத்தாங்கல் இல்லாமல் இன்ஜினியரிங் சேருங்கள். ஆனால் ஈ.சி.இ. வேண்டாம், சிவில் எடுங்கள். அங்கிருந்து கேட் நுழைவுத் தேர்வு எழுதி நீர்வளம், சுற்றுச்சூழல் பக்கம் எம்.டெக். போகலாம், உங்கள் போர்வெல் அங்கேயும் உங்களோடு வரும்.

ஐ.ஏ.டி., பொறியியல் கலந்தாய்வு, அரசு கலைக் கல்லூரி மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். பட்டப்படிப்பு எதுவானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள். அப்பாவிடம் பேசும்போது ஆர்வம், லட்சியம் என்று தொடங்கவேண்டாம். மண்டியில் கணக்கு எழுதுகிறவர். இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் வருடம், எதிரில் செலவும் வரவும் எழுதிக் கையில் கொடுங்கள். மாமாவிடம் பேசுவது உங்கள் பாடு.