ஒரு நோயின் இறப்பு விகிதத்தை (நோயுற்றவர்களில் இறந்தவர்களின் பங்கு) வயதுவாரியாகக் கணக்கிடும்போது, 0–9 வயதில் இறப்பே இல்லையென்றால் விகிதம் பூஜ்யமா? வயதோடு ஏற வேண்டிய கோடு ஏன் தட்டையாக வந்தது?

பூஜ்யம் என்று எழுதாதீர்கள். 400 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என்றால், 95% நம்பிக்கையில் மேல் எல்லை 3/400, அதாவது சுமார் 0.75%.

வயதுக்கோடு தட்டையானதற்கு, லாக் (மடக்கை) எடுக்க வேண்டி ஒவ்வொரு வயதுப் பிரிவின் இறப்பு எண்ணிக்கையோடும் நீங்கள் கூட்டிய 0.5தான் காரணமாக இருக்கும்; பூஜ்யத்துக்கு லாக் கிடையாதே. 400 பேருக்கு அது 0.125%, 40 பேர் மட்டுமே உள்ள பிரிவிலோ 1.25%! அதை நீக்கிவிட்டு, இறப்பு எண்ணிக்கையை அப்படியே வைத்து பைனாமியல் ரிக்ரெஷன் (எத்தனை பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையே நேரடியாக எடுத்துக்கொள்ளும் முறை) போட்டுப் பாருங்கள். கோட்டின் ஏற்றம் முன்பைவிடச் செங்குத்தானால் வில்லன் அந்த 0.5தான்.

நோய் கண்டறிந்து 30 நாளாவது ஆனவர்களை மட்டும் (இடையில் இறந்தவர்கள் உட்பட) கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் நேற்று அனுமதிக்கப்பட்டவரும் பிழைத்தவர் கணக்கில் போய்விடுவார்.

ஒன்று: வயதோடு சீராக ஏறும் கோடு எல்லா நோய்க்கும் பொருந்தாது. இன்ஃப்ளுயன்சாவில் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். 1918 இன்ஃப்ளுயன்சாவில் 20–40 வயதில் இறப்புக் கோட்டில் தனி மேடே இருந்தது. அங்கெல்லாம் ஸ்ப்ளைன்தான் (நேர்கோட்டுக்குப் பதில் வளைந்து செல்லும் கோட்டைப் பொருத்தும் முறை).