வீட்டு மூணு ஃபேஸ்: கேள்வி பதில்

அண்ணா, புது வீட்டுக்கு மூணு ஃபேஸ் வாங்கியிருக்கோம். மாடிக்கு ஒண்ணு, கீழே ஒண்ணு, மோட்டாருக்கு ஒண்ணுன்னு பிரிச்சா சரியா?

தளத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், எவையெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று பாருங்கள். இரவில் மாடியில் இரண்டு ஏசி ஓடும்போது கீழே ஒரு விளக்குகூட எரியாமல் இருக்கலாம். 1.5 டன் ஏசி 7, 8 ஆம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் கீசருக்கு 8 ஆம்பியருக்கு மேல். அதனால் இரண்டு படுக்கையறைகளையும் வெவ்வேறு ஃபேஸில் போடுங்கள். ஆனால் ஓர் அறைக்குள் இரண்டு ஃபேஸ் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ப்ளக் பாயிண்டுகளுக்கு நடுவே 415 வோல்ட் நிற்கும்.

சமமாகப் பிரித்தால் பில் குறையுமா சார்?

குறையாது. மூன்று ஃபேஸிலும் ஓடியதை மீட்டர் கூட்டித்தான் காட்டும்.

மூன்று சர்க்யூட்டுக்கும் ஒரே நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) இழுத்தால் வயர் மிச்சம்தானே? சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்டே வராது என்கிறார்களே?

கணக்கு சரிதான். மூன்று ஃபேஸில் 15, 10, 5 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலில் சுமார் 8.7தான் வரும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸுக்கு ஒரே நியூட்ரல் போதுமானதாக இருப்பது அதனால்தான். வீட்டுக்குள் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் அந்த நியூட்ரல் கழன்றுவிட்டது என்று வையுங்கள். ஒரு ஃபேஸில் 2 கிலோவாட் கீசர், இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் ஓடுகின்றன. இப்போது இரண்டும் தொடராகச் சேர்ந்து 415 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். கீசரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 29 ஓம், பல்புக்கு 576. பல்பின் தலையில் ஏறக்குறைய 395 வோல்ட்! அந்த இடத்தில் டிவியோ குழந்தைக்கு வாங்கிய நெபுலைசரோ இருந்தால் என்ன ஆகும்? எம்சிபியும் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழாது, கரண்ட்தான் அதன் அளவைத் தாண்டவில்லையே.

எல்இடி, கம்ப்யூட்டர் போன்றவற்றின் மூன்றாம் ஹார்மோனிக் கரண்ட் (மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் உபரிக் கரண்ட்) நியூட்ரலில் கழியாது, கூடும். ஆகவே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் டிபி பாக்ஸிலிருந்தே (சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி) தனி நியூட்ரல், ஃபேஸ் வயரின் அதே கனத்தில் போடுங்கள். நியூட்ரலுக்குத் தனியாக ஃப்யூஸ் வைக்கக் கூடாது.

ஃபேஸுக்கு ஒன்றாக ஆர்சிசிபி (கரண்ட் லீக்கானால் அணையும் சுவிட்ச்) போட்டோம். ஹால் ஃபேனைப் போட்டாலே விழுகிறது. ஆர்சிசிபி கோளாறா?

பெரும்பாலும் வயரிங் கோளாறுதான். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன கரண்ட் வேறொன்றின் நியூட்ரலில் திரும்புகிறது. லீக்கேஜ் என்று நினைத்து விழுகிறது. நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டைகளை, அதாவது நியூட்ரல் பார்களை, ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனித்தனியாக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு நேரடியாகக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் அடிக்கடி ஒரு ஃபேஸ் போய்விடும். ஃபேஸ் சேஞ்சர் (லோடை வேறு ஃபேஸுக்குத் திருப்பும் சுவிட்ச்) போடலாமா?

போடலாம் தம்பி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸுக்குத் திருப்பினால் மேலே சொன்ன 15, 10, 5 ஆம்பியர் நியூட்ரலில் 30 ஆகிவிடும். முதலில் ஏசி, கீசரை நிறுத்துங்கள், பிறகு திருப்புங்கள். மூணு ஃபேஸ் மோட்டாரை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) போடுங்கள்.

சில நேரம் ஒரு அறையில் லைட் மங்குது, இன்னொரு அறையில் பளிச்னு எரியுது. என்ன செய்யணும்?

உடனே மெயினை அணையுங்கள். நியூட்ரல் லூஸ். கம்பத்தில் என்றால் லைன்மேன், டிபியில் என்றால் உரிமம் பெற்ற வயர்மேன் பார்க்கட்டும். டெஸ்டர் எரிவதை நம்பி மறுபடி போடாதீர்கள். சரிசெய்தவரையே வோல்ட் மீட்டர் வைத்து, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 ஒட்டி வருகிறதா என்று லோடு ஓடும்போது காட்டச் சொல்லுங்கள்.