காது கேட்கும் கருவி: கருவிக்குப் பதிவு உண்டு, பொருத்துகிறவருக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இணையத்தில் ஒரு ஜோடி 60 வெள்ளிக்கு விற்கிறார்கள். அப்பாவுக்கு வாங்கலாமா?
- யீஷூன் வாசகர்

அப்பாவின் வயது, எந்தக் காது, எத்தனை நாளாகக் கேட்கவில்லை, ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம்) எடுத்தாயிற்றா, ஒன்றையுமே எழுதவில்லை. விலையை மட்டும் வைத்து நான் என்ன சொல்வது? அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் வெறும் ஒலிபெருக்கி. தட்டு விழும் சத்தம் காதைப் பிளக்கும், பேத்தி பேசுவது அப்போதும் புரியாது. காது கேட்கும் கருவி இங்கே சிங்கப்பூரில் மருத்துவச் சாதனம். சுகாதார அறிவியல் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. பதிவில்லாததை விற்பவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. முதலில் பரிசோதனை, பிறகுதான் கருவி.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கே கடையில் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். அங்கே மருத்துவர் சீட்டே வேண்டாமாமே?
- பிடோக் வாசகி

உண்மைதான். 2022 அக்டோபரிலிருந்து அங்கே சில வகைகளைச் சீட்டில்லாமல் விற்கலாம். ஆனால் அவை 18 வயது நிரம்பியவர்களுக்கு, அதுவும் லேசானது முதல் நடுத்தரம் வரையிலான குறைபாட்டுக்கு மட்டும். நீங்கள் அனுப்பிய ஆடியோகிராமில் இரண்டு காதுக்குமே 75 டெசிபெல்லுக்குக் குறைந்த ஒலி கேட்கவில்லை, அது கடுமையான குறைபாடு. அந்தக் கருவி உங்களுக்கானதே இல்லை அம்மா. மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடையில் என்னைப் பரிசோதித்தவர் 'ஹியரிங் கன்சல்டன்ட்' என்று அட்டை கொடுத்தார். அவர் தகுதி பெற்றவர்தானா?
- செங்காங் வாசகர்

அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் மனத்தில் வெகுநாளாக உறுத்தும் விஷயம் இது.

கண்ணாடிக் கடைக்குப் போகிறீர்கள். உங்கள் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுத் தருகிறவர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இயன்முறை, தொழில்வழி, பேச்சு சிகிச்சையாளர்களுக்கு 2011இல் ஒரு சட்டம் வந்தது. காதைச் சோதித்துக் கருவி பொருத்தும் செவிப்புலன் வல்லுநர்கள், அதன்கீழ் பதிவு பெற வேண்டியவர்கள் பட்டியலில் இல்லை. கருவி ஆணையத்தின் பதிவைப் பெற்றுத்தான் சந்தைக்கு வருகிறது. அதை உங்கள் காதுக்கு ஏற்றபடி அமைக்கிறவரை அப்படிப் பதிவு பெறவைக்க யாரும் இல்லை. நல்ல கருவியைத் தவறாக அமைத்தால் அது மேசை இழுப்பறைக்குத்தான் போகும்.

இப்படி ஒரு பாட்டி என்னிடம் வந்தார். ஏறக்குறைய 4,000 வெள்ளிக் கருவி, ஒரு வருடமாக இழுப்பறையில். கணினி போட்டுக்கொடுத்த ஆரம்ப அமைப்பிலேயே விற்றிருந்தார்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, கருவி உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று யாரும் அளக்கவே இல்லை. நான் அளந்தபோது உச்ச சுருதிகளில் வேண்டியதைவிட 15 டெசிபெல் போலக் குறைவாக இருந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்தோம். 'பசி', 'படி' இரண்டும் வேறுவேறாகக் கேட்டதும் அவர் அழுதுவிட்டார். ஒரு வருடம் வீட்டில் யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் ஆறவில்லை.

இந்தத் துறையில் ஆள் குறைவு என்பது பதிவைத் தள்ளிப்போடக் காரணமாகாது. தேசியப் பல்கலைக்கழகத்திலேயே செவிப்புலனியல் முதுகலை இருக்கிறது. சட்டம் வரும்வரை நீங்கள்தான் கேட்க வேண்டும். எங்கே படித்தீர்கள்? பரிசோதனை ஒலிபுகா அறையில்தானா? காதுக்குள் வைத்து அளப்பீர்களா? விற்பனைக்குக் கமிஷன் உண்டா? கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கருவி வாங்கிவிட்டேன், ரசீது இருக்கிறது. மானியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது?
- ஜூரோங் வாசகர்

வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். 60 வயது நிரம்பிய குடிமக்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, மூத்தோருக்கான நிதியில் 90 விழுக்காடு வரை உதவி கிடைக்கும். ஆனால் முதலில் மதிப்பீடு, அப்புறம் ஒப்புதல், அதற்குப் பிறகே கருவி. இளையவர்கள், உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழங்கும் உதவித் தொழில்நுட்ப நிதியை விசாரிக்கலாம்.

நான்கே மாதத்தில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. பழுதுபார்க்கப் பணம் கேட்கிறார்கள்.
- உட்லண்ட்ஸ் வாசகி

கொடுக்காதீர்கள். 2012இலிருந்து நடப்பிலுள்ள சட்டப்படி, 6 மாதத்துக்குள் தெரியும் பழுது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் மன்றம். கருவியோடு குளித்திருந்தால் மட்டும் இதெல்லாம் செல்லாது.

முந்தாநாள் காலை எழுந்ததும் ஒரு காது அடைத்துப் போனது. எந்தக் கருவி நல்லது?
- தெம்பனிஸ் வாசகர்

இவருக்கு அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். திடீரென்று கேட்காமல் போனால் கருவியையும் கடையையும் மறந்துவிடுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மருந்தைத் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ஆங்கிலச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, பாதிதான் புரிகிறது என்று எழுதிவிட்டார்கள்.
- தெக்கா வாசகி

'பீப்' ஒலிச் சோதனைக்கு மொழி தேவையில்லை, அந்த முடிவை நம்பலாம். சொற்சோதனை அளந்தது அம்மாவின் ஆங்கிலத்தை. அந்த எண்ணை வைத்து விலைகூடிய கருவியை உங்கள் தலையில் கட்டப்பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தமிழ் தெரிந்தவரிடம் மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அதை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.