தனியாகக் காட்டுக்குப் போக ஆசையா? முதலில் இவற்றைப் படியுங்கள்

மலேசியாவில் தாப்பா பக்கம் ஒரு தோட்ட ஆபிசில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, எனக்குத் தனியாக ஊர் சுற்றணும், மலை ஏறணும், காட்டில் தங்கணும். அம்மா ‘பொம்பளப் பிள்ளைக்குக் காட்டுல என்ன வேலை’ என்கிறார். காட்டில் உயிர் தப்புவது பற்றியும் தனிப் பயணம் பற்றியும் நல்ல புத்தகமாகச் சொல்லுங்கள். கையில் 150 வெள்ளிதான் இருக்கிறது, இங்கிலீஷ் சுமாராகத்தான் வரும்.”

சரி, தங்கச்சி. முதல் விஷயம், ‘உயிர் பிழைக்கும் கையேடு’ என்று அட்டையில் கத்தி படம் போட்ட புத்தகத்தை முதலில் வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரன் குளிர் நாட்டுக்காரனுக்கு எழுதியவை. பனியில் குழி தோண்டிப் படுப்பது எப்படி, பைன் மரப் பட்டையில் தீ மூட்டுவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். நம் தித்திவங்சா மலைத்தொடரில் பிரச்சினையே வேறு. விறகு நனைந்து கிடக்கும், மரக்கூரைக்குக் கீழே ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தால் உடம்பு நடுங்கும் (வெப்ப நாட்டில் குளிர் என்ன செய்யும் என்று நினைக்கவேண்டாம், ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் போதும்). அதனால் கையேட்டைவிட, நம்மூர் மாதிரி ஈரக்காட்டில் மாட்டிக்கொண்டவர்களின் சொந்தக் கதைகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். படிக்கும்போது பென்சில் ஒன்று கையில் இருக்கட்டும். ஆபத்து எந்தப் பக்கத்தில் வந்தது என்பதை விடுங்கள், அந்த ஆபத்து உள்ளே வர எந்தப் பக்கத்தில் வழி திறந்தது என்று பார்த்துக் கோடு போடுங்கள். அநேகமாக அது பல பக்கங்களுக்கு முன்னாலேயே இருக்கும்.

முதல் புத்தகம், யூலியானே கோப்கே எழுதிய ‘வென் ஐ ஃபெல் ஃப்ரம் தி ஸ்கை’. 2011ல் வந்தது, இங்கிலீஷ் எளிமை, உங்களுக்குச் சிரமம் இருக்காது. 1971 டிசம்பர் 24, பெரு நாட்டில் லான்சா நிறுவனத்தின் விமானம் நடுவானில் சிதறியது. அதில் இருந்த 92 பேரில் பிழைத்தது 17 வயதுப் பெண் யூலியானே ஒருத்திதான். இருக்கையோடு கட்டுண்டபடியே சுமார் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மழைக்காட்டுக்குள் விழுந்து, கழுத்தடிக் காறை எலும்பு முறிந்து, மூக்குக் கண்ணாடி தொலைந்து, ஒற்றைச் செருப்போடு 11 நாள் சமாளித்திருக்கிறாள். சாப்பிட இருந்தது ஒரு பை மிட்டாய். அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் புத்தகம் அங்கே நிற்பதில்லை. அப்பா அம்மா இருவரும் உயிரியல் ஆய்வாளர்கள், காட்டுக்குள்ளேயே நிலையம் அமைத்து வாழ்ந்தவர்கள், அவளும் அங்கே அவர்களோடு வாழ்ந்தவள். ஊற்றைப் பார்த்ததும் அதைப் பிடித்துக்கொண்டே ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் இறங்கினாள். ஒரு கட்டத்தில் ஹோட்சின் என்ற பறவையின் சத்தம் கேட்கிறது. அந்தப் பறவை திறந்த நீர்நிலை ஓரத்தில்தான் வாழும் என்பது அவளுக்குத் தெரியும், அப்படியானால் பெரிய ஆறு பக்கத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறாள். உடம்பில் தெம்பே இல்லாத நேரத்தில் காது வேலை செய்தது, அந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள்.

ஆனால் ஒன்று. ‘வழி தவறினால் தண்ணீரைப் பிடித்துக் கீழே இறங்கு’ என்று அதிலிருந்து பாடம் எடுத்துவிடாதீர்கள். அவள் இருந்தது அமேசான் பக்கத்துத் தாழ்நிலம். நம் மலையில் ஓடையைப் பிடித்து இறங்கினால் வழுக்குப் பாறையும் அருவி விளிம்பும்தான் முன்னால் நிற்கும், மேலே எங்கோ பெய்த மழைக்குக் கெப்பாலா ஆயேர் (ஆற்றின் திடீர் வெள்ளம்) வேறு வந்து அடிக்கும். அதோடு, அவள் எங்கே விழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது, மேலே பறந்த தேடுதல் விமானங்களுக்கு மரக்கூரையைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. நீங்கள் போகும் பாதை வீட்டில் தெரிந்திருந்தால், வழி தவறியது உறைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதுதான் நல்லது. தேடுகிறவர்களுக்கு நகராத ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். போனில் லைன் கிடைத்தால் அவசர எண் 999.

இரண்டாவது நம் வாசலிலேயே நடந்த கதை. ஃப்ரெடி ஸ்பென்சர் சாப்மன் எழுதிய ‘தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்’, 1949. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது காட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட ஆங்கிலேய அதிகாரி. மூன்று வருடத்துக்கு மேல் இந்த மலைகளுக்குள் இருந்து, 1945ல் பங்கோர் தீவுப் பக்கமாக நீர்மூழ்கியில் வெளியேறினார். தொடக்கத்தில் தஞ்சோங் மாலிம் பக்கம் ரயில் பாதையைத் தகர்க்க, முகத்தில் கறுப்புப் பூசி, தமிழர் வேடம் போட்டுத் திரிந்ததாக எழுதுகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும், துரைமார் பார்வை புத்தகம் முழுக்க இருக்கிறது. பீடோருக்கு மேலே மலையில் இருந்த முகாம்கூட வருகிறது, உங்கள் ஆபிஸ் ஜன்னலிலிருந்து தெரியும் மலைத்தொடர்தான். அவர் கணிப்பு இது: காட்டில் மாட்டிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலர் சில மாதங்களிலேயே செத்துப் போனார்கள், புலியோ பாம்போ அடித்து அல்ல, பயத்தினாலும், புதுச் சாப்பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் மனசு வளையாததாலும். காடு எதிரியும் இல்லை நண்பனும் இல்லை என்பதுதான் தலைப்பே. வரைபடத்தில் விரலால் அளந்த தூரம் காலால் நடக்கும்போது எப்படி இழுத்துக்கொண்டே போகிறது என்பதையும் அவரிடம் கற்கலாம். பழைய ஆங்கிலம், தடித்த புத்தகம். முதல் பாதி போதும்.

ஜான் க்ராகவர் எழுதிய ‘இன்டு தி வைல்ட்’ (1996) உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். 1992ல் அலாஸ்காவில், கைவிடப்பட்ட ஒரு பேருந்துக்குள் பட்டினியாகச் செத்துக் கிடந்த இளைஞன் கிறிஸ் மெக்கண்ட்லெஸ் பற்றியது. பலர் அதைச் சுதந்திரக் கதையாகப் படிக்கிறார்கள், நான் ஆற்றைப் பற்றிய கதையாகப் படிக்கிறேன். ஏப்ரலில் அவன் சுலபமாகக் கடந்த ஆறு, ஜூலையில் திரும்பி வரும்போது பனியாறு உருகிப் பொங்கிக்கொண்டிருந்தது, கடக்க முடியாமல் பேருந்துக்கே திரும்பினான். சரியான வரைபடம் கையில் இல்லை. இருந்திருந்தால், அந்த ஆற்றிலேயே ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், கையால் இழுத்துக் கடக்கும் கம்பித் தொட்டி இருந்தது தெரிந்திருக்கும். நமக்கு மூன்று மாதம் எல்லாம் வேண்டாம், காலையில் முழங்கால் அளவு இருந்த ஆறு சாயங்காலம் மார்பளவுக்கு வந்துவிடும். அப்புறம், அவன் சாவுக்குக் காரணம் எந்தச் செடி, எந்த விதை என்று க்ராகவரே பின்னாளில் தன் கருத்தை மாற்றி எழுதியிருக்கிறார். அதனால் காட்டில் எதைப் பறித்துத் தின்னலாம் என்பதை எந்தப் புத்தகத்தை நம்பியும் முடிவு செய்யாதீர்கள். அரிசியும் நெத்திலியும் தூக்கிக்கொண்டு போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு கையேடு வேண்டுமென்றால் ஜான் வைஸ்மனின் ‘எஸ்ஏஎஸ் சர்வைவல் ஹேண்ட்புக்’. 1986லிருந்து புதுப் புதுப் பதிப்பாக வருகிறது. வெப்பமண்டலப் பகுதி, முடிச்சுகள், முதலுதவி, இந்த மூன்றையும் படித்துவிட்டு மிச்சத்தை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும் சின்னப் பதிப்பு பைக்கு அழகு, எழுத்து எறும்பு மாதிரி. பழைய பதிப்பு எதுவானாலும் பாம்புக்கடிப் பக்கத்தை நம்பவேண்டாம். வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், அவ்வளவுதான்.

தனிப் பயணத்துக்கு வருவோம். அம்மாவிடம் வாதாட உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் ராகுல சாங்கிருத்தியாயனின் ‘ஊர்சுற்றிப் புராணம்’, தமிழிலேயே கிடைக்கிறது. 1948ல் இந்தியில் எழுதியவர், ஊர் சுற்றும் பெண்களுக்கென்றே தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். ராபின் டேவிட்சனின் ‘ட்ராக்ஸ்’ (1980) அடுத்தது. 1977ல் நான்கு ஒட்டகம், ஒரு நாயோடு ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 2,700 கிலோமீட்டர் நடந்தவர். பாலைவனம் நமக்கு ஒட்டாது, ஆனால் ஒட்டகத்தைப் பழக்கவும் பணம் சேர்க்கவும் அவர் வருடக்கணக்கில் பட்ட பாடு நமக்கு ஒட்டும். காசில்லாமல் படிக்க இங்கிலாந்துப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் இருக்கிறார். 1879ல் இங்கே வந்து, யானை ஏறி கோலகங்சார் போய், அங்கே குரங்குகளோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதை ‘தி கோல்டன் கெர்சனீஸ்’ புத்தகத்தில் எழுதியிருக்கிறார். குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம்.

‘தி லாங் வாக்’ என்று ஒன்றை யாராவது தூக்கிக் கொடுத்தால் கதையாகப் படியுங்கள், பாடமாக வேண்டாம். சோவியத் சிறை முகாமிலிருந்து தப்பி, சைபீரியாவிலிருந்து இந்தியா வரை நடந்தேன் என்று 1956ல் எழுதியவர், உண்மையில் தப்பவில்லை, 1942ல் விடுவிக்கப்பட்டவர் என்பதற்கான ஆவணங்களை 2006ல் பிபிசி வெளியிட்டது.

காசு கணக்கு: கோப்கேயையும் ஊர்சுற்றிப் புராணத்தையும் புதிதாக வாங்குங்கள், மற்றவற்றைப் பழைய புத்தகமாகவோ மலிவு விற்பனையிலோ தேடுங்கள், மிச்ச வெள்ளியில் ஒரு நல்ல தலைவிளக்கு. மலைக்குப் போகுமுன் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். வனக் காப்பகத்துக்குள் நுழையப் பெர்மிட் வேண்டும், பல மலைகளுக்கு மாலிம் குனோங் (மலை வழிகாட்டி) துணை இல்லாமல் அது கிடைக்காது, ஆக முதல் சில தடவை ‘தனியாக’ என்பது நடக்காது. தனிமைதான் வேண்டுமென்றால் தாப்பா ரோடு ஸ்டேஷனில் ஈடிஎஸ் மின்ரயில் ஏறி கெமாஸ் போய், அங்கிருந்து காட்டு ரயிலில் தும்பாட் வரை ஒருதடவை போய்வாருங்கள். போய்வந்த சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் காட்டுக்குப் போனதையும் ஆற்றில் இறங்கியதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். குரங்கு மலேரியாவும் எலிக்காய்ச்சலும் நம் பக்கம் உண்டு, நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டர் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார்.